படத்தில் நான் பிடித்திருக்கும் தொலைபேசி

1

சென்ற ஐப்பசியில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. ஊரில் ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மரச் சுவருக்கு முன்னால், கறுப்புத் தொலைபேசியின் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். கீழே என் மகன் அருண் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: பாட்டி இறப்பதற்கு முந்தின நாள் அப்பா இந்தப் போனில்தான் பெரியப்பாவிடம் அழுதார் என்று. கால் மணி நேரத்தில் குழு முழுக்கக் கூப்பிய கைகள்.

அந்தப் படம் பொய். நம் சங்கத்தின் இந்த மலர் நம் தெருக்களில் அனேகமாக எல்லா வீட்டுக்கும் வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன். வாட்ஸாப்பில் எழுதினால் யாராவது உடனே இன்னொரு கூப்பிய கையைப் போட்டு மூடிவிடுவார்கள்.

2

எனக்கு எழுபத்தைந்து முடிந்ததற்காக, இரண்டு நாள் வெளியே கூட்டிப்போகிறேன் என்றான் அருண். எங்கே என்று சொல்லவில்லை. நியூஜெர்சியிலிருந்து வடக்கே ஐந்து மணி நேரம் கார் ஓடியது. பின்னிருக்கையில் பேத்தி மாயா, பதின்மூன்று வயது, காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரு மேட்டில் கார் திரும்பியதும் கீழே நீண்டு ஒடுங்கிய ஏரி தெரிந்தது. கரைவரை இறங்கும் திராட்சைத் தோட்டம். இலைகள் பழுத்துப்போய், அறுவடை முடிந்திருந்தது. தண்ணீரை ஒட்டி இரண்டு மாடி மர வீடு.

எனக்கு இடம் தெரிந்துவிட்டது. இருநூறு வருடப் பழைய விடுதி என்று வாசலில் பலகை இருக்கும். படியில் இடப்பக்கக் கைப்பிடி ஆடும். இதெல்லாம் காரை விட்டு இறங்குமுன்பே எனக்குத் தெரியும்.

“இங்கே குளிர் ஜாஸ்தியா இருக்குமே அருண். வேற இடம் பாக்கலாமா?”

“கேன்சல் பண்ண முடியாதுப்பா. உங்களுக்கு இந்த இடம் ஞாபகம் இல்லையா? அம்மா சொல்லுவாங்களே, இங்கே வந்துட்டுப் போனப்புறம்தான் உங்களுக்குப் பெரிய வேலை கிடைச்சதுன்னு.”

என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் சொன்னதை அவன் ஞாபகம் வைத்து, தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்திருக்கிறான். நல்ல பையன். அவனிடம் கோபப்பட எனக்கு எந்த வழியும் இல்லை.

அந்த நாட்களில் ஊரில் என் அண்ணன் படுக்கையில் இருந்தார். எண்பத்திரண்டு வயது. இருதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். “தம்பி, பேசணும்னா இப்பமே பேசிருங்க” என்று அண்ணன் மனைவி, என் மதினி, இரண்டு முறை செய்தி அனுப்பியிருந்தாள். அவரிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரியம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவர் போய்விடக் கூடாது என்று ஒரு பக்கம் நினைப்பேன். சாகக் கிடக்கிற மனுஷனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று மறுபக்கம் நினைப்பேன். இரண்டாவது நினைப்பு எவ்வளவு கருணையாகத் தோன்றினாலும் அது என் பயம்தான்.

போய்ப் பார்க்கவும் வழியில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து ஏழு வாரம் ஆகியும் வரவில்லை. அலுவலகத்துக்கு அழைத்தால் ஒரு இயந்திரம் பேசும். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. காகிதத்தைச் சாக்குச் சொல்லி நான் முன்பே ஒருமுறை ஏமாற்றியிருக்கிறேன்.

3

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. ஆரியசாலையில் எங்கள் வத்தல் மொத்தக் கடை முன்னால், வீடு பின்னால். பத்தாம் வகுப்பை முடித்திருந்த அண்ணன் மறு வாரமே கடையில் உட்கார்ந்தார். நான் இன்ஜினியரிங் படித்தேன். அமெரிக்கா வந்தேன். எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் எல்லோரும் தும்முவோம். மிளகாய் நெடி. விமானம் ஏறிய பிறகு நான் தும்முவது நின்றுவிட்டது. அதை நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லுவேன்.

அண்ணனுக்கு ஆங்கிலத்தில் ஆசை. கடையில் பேப்பர் பொட்டலம் மடிக்குமுன் அதில் இருப்பதை வாசித்துவிட்டுத்தான் மடிப்பார். நான் அமெரிக்கா வந்த முதல் வருடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார், நீல ஏரோகிராமில், மடிப்பு ஓரம்வரை நிறைத்து. அம்மாவின் கால்வலி, வித்துராவிலிருந்து மிளகு வரத்துக் குறைந்தது, கோயில் ஆராட்டுத் திருவிழாவில் பெய்த மழை எல்லாம் அதில் இருந்தன. நான் சிவப்பு மையை எடுத்து அதில் உள்ள பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஓரத்தில் பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டு, அதையே உறையில் வைத்து அவருக்குத் திருப்பி அனுப்பினேன். விளையாட்டுக்குச் செய்தேன் என்று நெடுநாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். விளையாட்டு இல்லை. என் அறைத்தோழர்கள் இருவரை அருகே வைத்துக்கொண்டு, வாசித்து வாசித்துச் சிரித்துத்தான் அதைத் திருத்தினேன்.

அதற்குப் பிறகு அண்ணன் எனக்கு ஆங்கிலத்தில் எழுதவில்லை. தமிழில் கார்டு போடுவார். நாலு வரி.

4

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், இதே போன்ற ஒரு ஐப்பசியில், எங்கள் கம்பெனி இயக்குநர் மூன்று பேரை இந்த விடுதிக்கு அழைத்து வந்தார். மூவரில் ஒருவரைத் துறைத் தலைவராக ஆக்கப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பகலில் தோட்டத்தைச் சுற்றுவது, ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது, ஏரியில் படகு. அவர் எதையும் கேட்கமாட்டார்; நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பார்ப்பார். அதற்கு முன் நான் ஒயின் குடித்ததில்லை. அவர் மூக்கைக் கிண்ணத்தில் நுழைத்ததுபோலவே நானும் நுழைத்தேன். அவர் வாயில் வைத்திருந்து வாளியில் துப்பியதுபோலவே துப்பினேன். எச்சில் பட்ட தம்ளரைத் தனியே கழுவி வைக்கும் வீட்டில் பிறந்தவன், பத்துப் பேர் துப்பிய வாளிக்கு முன் குனிந்தேன். அதில் தப்பில்லை. சந்தோஷமாகக் குனிந்தேன் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஊரில் அம்மா எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். முடியாத நிலை என்று அண்ணனின் கார்டு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை உணவு. சாப்பாட்டு அறை வாசலிலேயே வரவேற்பு மேசை, அதன்மேல் அந்தக் கறுப்புத் தொலைபேசி. அது மணியடித்தது. விடுதிக்காரர், தாடி வைத்த பெரியவர், எடுத்துக் கேட்டுவிட்டு என்னைக் கையசைத்து அழைத்தார். இந்தியாவிலிருந்து உங்களுக்கு, என்றார். எங்கள் வீட்டுக்கு அழைத்து என் மனைவியிடம் இந்த எண்ணை வாங்கியிருக்கிறார் அண்ணன்.

நான் எழுந்து மேசைவரை போனேன். எடுத்தால் வா என்பார்கள். வா என்றால் போக வேண்டும். எடுக்காவிட்டால் போக வேண்டாம். நான்கு எட்டு நடப்பதற்குள் இதை யோசித்து முடித்துவிட்டேன். இயக்குநர் வாயில் ரொட்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிக்காரர் ரிசீவரை நீட்டியபடி நிற்கிறார், அதன் வாயைப் பொத்தவில்லை. நான் ஒரு முழ தூரத்தில் நின்று, இயக்குநருக்கும் கேட்கும்படியாக உரக்கச் சொன்னேன்: “டெல் தெம் ஐ ஹேவ் செக்ட் அவுட்.” அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டேனாம். சொல்லிவிட்டுச் சிரித்தேன். நன்றாக, வயிறு குலுங்க. இயக்குநரும் சிரித்தார்.

பெரியவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நான் சொன்னதையே ரிசீவரில் சொல்லிவிட்டு வைத்தார். நான் போய் முட்டையைச் சாப்பிட்டேன்.

பச்சை அட்டை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது, நாட்டை விட்டு வெளியேறினால் எல்லாம் போய்விடும், அம்மா போன மறுவாரம்தான் அது வந்தது, அதனால்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அட்டை என் கைக்கு வந்து அப்போது நான்கு மாதம்.

5

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். அம்மா இறந்து, தைக்காட்டு மயானத்தில் எரித்தும் முடித்த பிறகுதான் அண்ணன் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

எங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியும். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளைய மகன். எட்டு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு அந்த உரிமை இல்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த எனக்கு இருந்தது. இளையவன் வாயால் ‘நீயே வை’ என்று சொல்லாமல் மூத்தவன் கொள்ளியைத் தொடக் கூடாது என்று நாகர்கோயில் மாமா பிடிவாதமாக நின்றாராம். ஐஸ் வைத்து அவன் வரும்வரை போட்டு வைக்கலாம் என்றாராம். அப்போது அண்ணன், “நேத்தே அவன்கிட்ட பேசிட்டேன் மாமா. அழுதான். ‘அண்ணே, என்னால வந்துசேர முடியாது, நீங்களே வச்சிருங்க’ன்னு சொன்னான்” என்று சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் ஊருக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. சாமான் இறக்குமுன் மாமா என்னைக் கட்டிக்கொண்டார். “போன்லயே அப்பிடி அழுதியாமே மக்கா. உங்க அண்ணன் சொன்னப்போ எங்களுக்குத் தாங்கல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமாவின் தோள்மேல் அண்ணனின் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தார். அப்புறம் பாயசத்துக்கு வெல்லம் போதுமா என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டார். நான் உண்மையிலேயே விடுதியை விட்டுப் போய்விட்டதாக அவர் நம்புகிறார், வழக்கத்தைச் சமாளிக்க ஒரு பொய் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அடுத்த மாதம் துறைத் தலைவர் ஆனேன்.

6

இப்போது அந்த விடுதியை நடத்துவது தாடிக்காரப் பெரியவரின் மகள். அறுபது வயதிருக்கும். பழைய வருகைப் பதிவேடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாள். என் அப்பா முன்பே இங்கே தங்கியிருக்கிறார் என்று அருண் சொன்னதும், சந்தோஷமாகப் பூட்டைத் திறந்து அந்த வருடத்தை எடுத்துக் கொடுத்தாள். மாயாதான் கண்டுபிடித்தாள்.

“தாத்தா, யுவர் நேம்!”

என் கையெழுத்து. வந்தது வெள்ளி. அறையைக் காலி செய்தது ஞாயிறு மதியம். அருண் அந்தத் தேதியின்மேல் விரலை வைத்தான். அவனுக்கு அப்போது பத்து வயது; அவன் அம்மா வாசலில் அழுதுகொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

“அப்பா, இந்த ஞாயித்துக்கிழமைதானே பாட்டி... அப்போ பெரியப்பா கூப்பிட்டது இங்கேதானா?”

என் எழுபத்தைந்தாவது வயதில் எனக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

“ஆமா” என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. மாயாவிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னான்: தாத்தா அழுதது, உரிமையை விட்டுக்கொடுத்தது. தாத்தா என்பதைத் தவிரத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்தக் குழந்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. விடுதிக்காரி, இதோ அதே போன்தான், இணைப்பு எடுத்து ரொம்ப வருடமாயிற்று, அலங்காரத்துக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லி ரிசீவரை எடுத்து என்னிடம் தந்தாள். அவள் அப்பா நீட்டியது போலவே நீட்டினாள். இந்த முறை வாங்கினேன்.

“காதுல வச்சுக்கோங்கப்பா” என்றான் அருண்.

வைத்துக்கொண்டேன்.

7

மறுநாள் காலை, அதே சாப்பாட்டு அறை. என் செல்போன் அடித்தது. ஊரில் விளக்கு வைக்கும் நேரம்.

“தம்பி, அவுக உங்ககிட்ட பேசணுமாம்” என்றாள் மதினி. “பத்து நாளா யாருகிட்டயும் ஒரு வார்த்த மிண்டல்ல. உங்க படத்தப் பாத்துட்டு, எனக்கு அவன்கிட்ட பேசணும்னு ஒரே வெப்ராளம், இருப்புக் கொள்ளல்ல. இந்தா குடுக்கேன்.”

நான் எழுந்து ஏரிப்பக்க ஜன்னலோரம் போனேன்.

“என்னடே மணி.” குரல் இறங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு.

“அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?”

“உடம்பு கெடக்கட்டு. அந்தப் போனாக்கும் அது?”

“ஆமாண்ணே.”

“கறுப்பு போனு. இத்தன வருசமா நான் அத வெள்ளையாட்டு நெனச்சிட்டு இருந்தேன்.”

இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று தெரிந்தது.

“அண்ணே, உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். அன்னைக்கு நான்...”

“செக்ட் அவுட். அதானே?”

போனை இன்னும் காதோடு அழுத்தினேன்.

“பத்துக்கு மூணு மார்க்குதான் எனக்கு. ஆனாலும் அது வெளங்கிச்சு, கேட்டியா.”

“கேட்டுச்சா அண்ணே?”

“கேக்காம? கடையிலேருந்து வயர இழுத்து அம்மெ கட்டிலுக்குக் கொண்டு வந்தோம். போன எடுத்த வெள்ளக்கார சாயிப்புகிட்ட நான்தான் இங்கிலீஷ்ல உன் பேரச் சொன்னேன். ‘ஒன் மினிட்’ன்னாரு. ஒடனே அம்மெ காதுல வச்சேன். மொத வார்த்த அவளுக்கு இருக்கட்டுன்னு.” இருமினார். மதினி தண்ணீர் கொடுப்பது கேட்டது. “அவளால பிடிக்க முடியாதுல்லா. நான் பிடிச்சிட்டு இருந்தேன், என் காதும் பக்கத்துல. ரெண்டு பேரும் கேட்டோம்.”

அந்த அழைப்பு அம்மா இறக்கப் போகும் செய்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவே ரிசீவரின் அந்தப் பக்கம் இருந்தாள் என்று இந்த இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

“அம்மா என்ன சொன்னா அண்ணே?”

“அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா? ‘மணி சிரிச்சாண்டே’ன்னா. மொகம் அப்பிடித் தெளிஞ்சிட்டு. ‘பெரிய ஆளுகளோட இருக்கான் போலிருக்கு, தொந்தரவு பண்ணாத, வச்சிரு’ன்னா. நான் சாயிப்புக்குத் தேங்க்ஸ் சொல்லி வச்சேன். விடியதுக்கு முன்ன போயிட்டா.”

“அண்ணே, அப்புறம் நீங்க என்னைக் காப்பாத்துறதுக்காக மாமாகிட்ட...”

“ஒன்னையா?” அந்த மூச்சிலும் ஒரு ஏளனம் வந்தது. “ஒனக்காட்டு நான் ஒண்ணும் செய்யல்ல. எட்டு மாசம் பீயும் மூத்திரமும் அள்ளினவன் நான். கொள்ளி ஒனக்குள்ளதுன்னா சும்மா விட்டுருவேனா? நீ தந்தேன்னு சொன்னாத்தானே என் கைக்கு வரும். பொய் சொல்லி வாங்கினேன். எனக்காட்டு வாங்கினேன்.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“அதெல்லாம் இப்பம் எதுக்குடே.” மூச்சு வாங்கினார். “ஒரு காரியம் செய். ஒருக்கா சிரி.”

“அண்ணே?”

“அண்ணைக்குச் சிரிச்சேல்லா, அதே மாதிரி. அதுல என்னத்தக் கேட்டு அம்மெ அப்பிடி சமாதானமாட்டு போனான்னு எனக்கு இண்ணைக்குவரை பிடிகிட்டல்ல. ஒருக்கா கேக்கட்டு.”

“என்னால முடியாதுண்ணே.”

“அண்ணைக்கு முடிஞ்சுதே. நான் போறப்போ நீ வரண்டாம். யாரும் ஒன்னத் தேடப் போறதில்ல. எனக்கு இது மதி, வேற ஒண்ணும் வேண்டாம். சிரி.”

ஜன்னலுக்கு வெளியே படகுத்துறையில் ஒருவன் படகைக் கவிழ்த்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சிரித்தேன். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். தொண்டையைத் திறந்து, வயிற்றிலிருந்து, உரக்கச் சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மாயா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அருண் தன் போனை எடுத்து என்னைப் படம் பிடிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. போதும் என்று அவர் சொல்ல வேண்டும்.

“மதி” என்றார் அண்ணன்.

மதினி போனை வாங்கினாள். “எதுக்குத் தம்பி இப்பிடிச் சிரிக்கியோ? இவுக செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாவ.”

8

அண்ணன் நான்காம் நாள் இறந்தார். மூத்த மகன் கொள்ளி வைத்தான். நான் நியூஜெர்சியில் செல்போனில் பார்த்தேன். பாஸ்போர்ட் அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது.

பதினாறு முடிந்ததும் குழுவில் இன்னொரு படம் வந்தது. ஜன்னலோரம் நான் போனைக் காதில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறேன். கீழே அண்ணன் மகன் தமிழில் எழுதியிருந்தான்: “அப்பா கடைசியாகப் பேசியது சித்தப்பாவிடம்தான். அண்ணனும் தம்பியும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.” மறுபடியும் கூப்பிய கைகள், இந்த முறை இன்னும் அதிகம்.

அவர் சிரிக்கவில்லை. நான் மட்டும்தான் சிரித்தேன்.